மண்ணைக் கேட்டுத் தண்டவாளம் போடுங்கள்!

ரெயிலில் போகிறவர்கள் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். உட்கார இடம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். மின்விசிறி சுற்றுகிறதா என்று பார்க்கிறார்கள். கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். ஆனால் ஒன்றை மட்டும் யாரும் பார்ப்பதில்லை.

அதுதான் தண்டவாளத்துக்கு அடியில் இருக்கும் மண்!

ஆவடியில் ஏறி சென்டிரலில் இறங்குகிறவரும் சரி, அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வருகிறவரும் சரி, அந்த மண்ணை நம்பித்தான் ரெயிலில் கால் வைக்கிறார்கள். ஒரு பக்கத்து மண் சில அங்குலம் இறங்கினால் போதும். ஒரு தண்டவாளம் மேலேயும் மற்றொன்று கீழேயுமாக நிற்கும். அதன்மேல் ரெயிலை வேகமாக ஓட்ட முடியாது. ஓட்டினால் தடம் புரளும் ஆபத்து உண்டு.

புதிய ரெயில் பாதை என்றால் எல்லோரும் கேட்பது இரண்டே கேள்விகள். "எப்போது முடியும்?", "எவ்வளவு வேகம்?" மண் எப்படி என்று கேட்பார் இல்லை. அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது நம் கருத்து. அதைக் கேட்க வேண்டிய நேரம் இப்போது வந்திருக்கிறது.

லே நகருக்கு ரெயில்

இமாசலப் பிரதேசத்தில் பிலாஸ்பூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கிருந்து மணாலி வழியாக, லடாக்கில் உள்ள லே நகரம் வரை ரெயில் பாதை போட மத்திய சர்க்கார் திட்டமிட்டிருக்கிறது. பாதையின் நீளம் சுமார் 489 கிலோமீட்டர். இறுதி இட ஆய்வு முடிந்து, விரிவான திட்ட அறிக்கையும் தயாராகிவிட்டதாக ரெயில்வே மந்திரி நாடாளுமன்றத்தில் தெரிவித்திருக்கிறார். இது ராணுவத்துக்கு முக்கியமான பாதை என்று பாதுகாப்பு இலாகாவும் சொல்லியிருக்கிறது.

பாதை வேண்டியதுதான். அதில் இரண்டாவது பேச்சு இல்லை. குளிர்காலம் வந்தால் இமயமலையில் பல கணவாய்கள் பனியில் மூடிக்கொள்ளும். எல்லையில் காவல் நிற்கும் ஜவான்களுக்கு வேண்டிய உணவு, எரிபொருள், மருந்து எல்லாவற்றையும் கோடையிலேயே கொண்டுபோய்ச் சேர்த்து வைக்கிறார்கள்.

2020-ல் லடாக் எல்லையில் பதற்றம் உண்டானபோது அங்கே கொண்டுபோய் நிறுத்தப்பட்ட டாங்கிகள் எந்த ரகம் தெரியுமா? டி-72, டி-90 ரகங்கள். நம் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் செய்யப்பட்ட ரகங்கள்தான்! ஆகவே, லே நகரம் எங்கேயோ இருக்கிறது, நமக்கு என்ன என்று ஆவடிக்காரர்கள் இருந்துவிட முடியாது.

ஆனால் அந்த மலை மண்ணுக்கும் நம்மூர் மண்ணுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. லடாக்கின் உயரமான இடங்களில் மண்ணே உறைந்து கிடக்கிறது!

கல்லா, சேறா?

தண்ணீர் உறைந்தால் பனிக்கட்டி. மண்ணில் ஊறிய தண்ணீர் உறைந்தால்? மண்ணும் சேர்ந்து இறுகிவிடும். இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ தொடர்ந்து உறைந்தே கிடக்கும் மண்ணை "நிரந்தர உறைமண்" என்கிறார்கள். உலகத்தின் வடகோடியில் உள்ள ரஷியா, கனடா, அலாஸ்கா ஆகிய இடங்களில் இது ஏராளம். திபெத்து, லடாக் போன்ற உயரமான நாடுகளிலும் உண்டு.

இந்த மண்ணின் மேல்பகுதி மட்டும் கோடையில் இளகும். குளிர்காலத்தில் மறுபடியும் உறையும். அதற்குக் கீழே இருப்பது கோடையிலும் உருகுவதில்லை. சில இடங்களில் மண்ணுக்கு நடுவே பனிக்கட்டி, பாளம் பாளமாகவும் கிடக்கும்.

உறைந்திருக்கும்வரை அந்த மண் கல். அதன்மேல் எந்தப் பாரத்தையும் வைக்கலாம். உருகிவிட்டால் அது சேறு. பனிக்கட்டி இருந்த இடத்தில் குழி விழும். மேலே இருக்கும் வீடு சாயும். தண்டவாளம் நெளியும். எல்லா இடத்திலும் ஒரே அளவாக இறங்கினாலாவது சமாளிக்கலாம். இங்கே ஓர் அடி, அங்கே ஓர் அங்குலம் என்று இறங்குவதுதான் தொல்லை.

சரி, காலங்காலமாக உருகாத மண் ஏன் உருகுகிறது?

இதற்குச் சென்னையிலேயே ஒரு பாடம் இருக்கிறது. திருவல்லிக்கேணி கடற்கரையில் உள்ள ஐஸ் ஹவுஸ் கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். இன்று அதற்கு விவேகானந்தர் இல்லம் என்று பெயர். அது 1842-ல் அமெரிக்க வியாபாரி பிரடரிக் டியூடர் கட்டியது. அமெரிக்காவில் ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியைக் கப்பலில் ஏற்றி, கடல் கடந்து கொண்டுவந்து இங்கே வைத்து விற்றார்கள். அத்தனை தூரம் வெயிலில் வந்தும் அது எப்படி உருகாமல் இருந்தது? சுற்றிலும் மரத்தூளைக் கொட்டி மூடி வைத்ததுதான் காரணம். மரத்தூளை எடுத்துவிட்டால் பனிக்கட்டி தண்ணீராகப் போயிருக்கும்.

உறைமண்ணுக்கும் அப்படி ஒரு மரத்தூள் உண்டு. மேலே படர்ந்திருக்கும் புல்லும் பாசியும் மக்கிய இலைதழையுமே அது. ரெயில் பாதை போடுகிறவர்கள் முதல் வேலையாக அதைச் செதுக்கித் தள்ளுகிறார்கள். அங்கே மண்கரை போடுகிறார்கள். வெயிலின் சூடு கரை வழியாக இறங்குகிறது. கரை ஓரத்தில் மழைத் தண்ணீர் தேங்குகிறது. தேங்கிய தண்ணீர் சூட்டைக் கீழே கொண்டுபோகிறது. அப்புறம் மண் உருகாமல் என்ன செய்யும்? பாதையைத் தாங்கும் மண்ணைப் பாதை போட்டவனே உருக்கிவிடுகிறான்!

இது போதாதென்று இப்போது உலகமும் சூடாகிக்கொண்டு வருகிறது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் உருகாத மண், இனி உருகலாம்.

காத்திருந்து ஜெயித்தார்கள்

இந்த மண்ணோடு மல்லுக்கு நின்றவர்களில் சீனர்களைச் சொல்ல வேண்டும். அவர்களோடு நமக்கு எல்லைத் தகராறு உண்டு. ஆனாலும் நல்ல பாடத்தை யாரிடமிருந்தும் படிக்கலாம்.

திபெத்தின் தலைநகரான லாசாவுக்கு ரெயில் விட வேண்டும் என்று அவர்கள் வெகு காலமாக நினைத்திருந்தார்கள். பாதையின் முதல் பகுதி கோல்முட் என்ற ஊர் வரை வந்து, 1984-ல் பயணிகள் ரெயிலும் ஓடியது. அதற்குமேல் உறைமண். அங்கே நின்றுவிட்டார்கள். மீதிப் பாதையின் வேலை தொடங்கியது 2001-ல்தான்!

இடையில் சும்மா இருக்கவில்லை. அதே வழியில் ஏற்கனவே போட்டிருந்த சாலை எங்கெங்கே இறங்கியது, ஏன் இறங்கியது என்று பார்த்தார்கள். மலைமேல் ஆராய்ச்சி நிலையம் வைத்து, மண்ணின் சூட்டை ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். செங் குவோதொங் என்ற விஞ்ஞானி ஒரு வழி சொன்னார். "சூடு உள்ளே போகாமல் தடுத்தால் மட்டும் போதாது, கரையையே குளிரச் செய்ய வேண்டும்" என்பதே அவர் சொன்ன வழியின் சாரம்.

அதற்கு அவர்கள் செய்த ஏற்பாடுகள் சுவையானவை. பெரிய பெரிய உடைகற்களை இடைவெளி விட்டுக் குவித்துக் கரை கட்டினார்கள். குளிர்காலத்தில் கனமான குளிர்காற்று கல் இடுக்கு வழியாகக் கீழே இறங்கும். உள்ளே இருக்கும் சூடான காற்று மேலே போய்விடும். கோடையில் சூடான காற்று இலேசாக இருப்பதால் கீழே இறங்காது. கதவு இல்லாமலே, குளிரை உள்ளே விட்டு வெப்பத்தை வெளியே நிறுத்தும் வீடு அது!

இன்னும் சில இடங்களில் கரை ஓரமாக இரும்புக் குழாய்களை நட்டார்கள். குழாய்க்குள் அமோனியா. இட்லிப் பானையின் மூடியில் நீராவி பட்டுத் தண்ணீராகச் சொட்டுவதைத் தாய்மார்கள் தினமும் பார்க்கிறார்கள். அதே கதைதான் இதுவும். குளிர்காலத்தில், அடியில் இருக்கும் அமோனியா மண்ணின் சூட்டை வாங்கிக்கொண்டு ஆவியாகி மேலே போகிறது. மேலே குளிர்ந்து திரவமாகிக் கீழே இறங்குகிறது. மறுபடியும் சூட்டைத் தூக்கிக்கொண்டு போகிறது. கோடையில் தானாகவே நின்றுவிடும். மின்சாரமும் வேண்டாம், மோட்டாரும் வேண்டாம்.

மண் மிகவும் மோசமாக இருந்த இடங்களில் கரையே போடவில்லை. பாலம் கட்டி, மண்ணைத் தொடாமல் மேலேயே ரெயிலை விட்டார்கள். அப்படிக் கட்டிய சிங்சுயிஹே பாலத்தின் நீளம் மட்டும் 11 கிலோமீட்டருக்கு மேல்!

கோல்முட்டிலிருந்து லாசா வரை 1,142 கிலோமீட்டர். அதில் சுமார் 550 கிலோமீட்டர் உறைமண். பாதையின் உச்சி 5,072 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி அதில் ரெயில் ஓடியது.

அந்தத் தேதியைக் கவனியுங்கள். தென்னிந்தியாவின் முதல் ரெயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு, நம் அம்பத்தூர், ஆவடி வழியாக ஓடியது 1856-ஆம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி. சரியாக 150 ஆண்டுகள்!

இத்தனை செய்தும் அங்கே வேலை முடிந்துவிடவில்லை. மண்ணின் சூட்டை இன்றும் அளந்துகொண்டே இருக்கிறார்கள். உறைமண்ணோடு செய்துகொள்ளும் ஒப்பந்தம் ஒருநாள் ஒப்பந்தம் அல்ல.

ஊரே தனித்து நின்றது

கவனம் குறைந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கனடாவில் ஒரு சாட்சி இருக்கிறது. சர்ச்சில் என்ற சிறு துறைமுக ஊர். அந்த ஊருக்குச் சாலை கிடையாது. 1929-ல் போட்டு முடித்த, 800 கிலோமீட்டருக்கு மேல் நீளமான ரெயில் பாதைதான் அதற்கு உயிர்நாடி. பாதையின் வடபகுதி உறைமண்மீது போகிறது. அங்கே தண்டவாளம் அவ்வப்போது இறங்கும், ரெயில் மெதுவாக ஊரும்.

2017-ஆம் ஆண்டு மே மாதம் பனி உருகி வெள்ளம் வந்தது. பல இடங்களில் கரை அரித்துப் போயிற்று. யார் பழுது பார்ப்பது, யார் பணம் கொடுப்பது என்று தகராறு. ஓர் ஆண்டுக்கு மேல் அந்த ஊருக்கு ரெயிலே இல்லை! சாமான்கள் விமானத்தில் வந்தன. விலை ஏறியது. குடும்பம் நடத்துகிறவர்கள் திண்டாடினார்கள். 2018 கடைசியில்தான் ரெயில் மறுபடியும் வந்தது.

ரெயில் நின்றால் ஒரு நகரம் பட்ட பாடு இது. லே நகரமும் அதைப் போலக் குளிர்காலத்தில் தனித்து நிற்கும் ஊர்தான். ரெயிலை நம்பி நாலு பேர் பிழைக்கத் தொடங்கிய பிறகு, பாதை இறங்கிவிட்டது என்று நிறுத்த முடியுமா?

நம் காலடி மண்

இதெல்லாம் பனிநாட்டுக் கதை, நமக்கு என்ன என்று நினைக்க வேண்டாம். நம் வட்டாரத்தில் மண் உறைவதில்லை. ஆனால் நம் மண்ணும் குணம் மாறும்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் களிமண் மனை வாங்கி வீடு கட்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள். சித்திரை வெயிலில் சுவரில் விரிசல் விடும். ஐப்பசி மழையில் தரை உப்பும். களிமண் தண்ணீரைக் குடித்தால் பருக்கும், காய்ந்தால் சுருங்கும். அதற்காகத்தான் மேஸ்திரிகள் அஸ்திவாரத்தை ஆழமாக எடுக்கச் சொல்கிறார்கள். பூந்தமல்லிக்கு வரும் மெட்ரோ ரெயில் பாதையின் தூண்களுக்கும், பூமிக்குள் ஆழமாக இறக்கிய கான்கிரீட் பைல்கள்தான் தாங்கல். மேலே தெரியும் தூணுக்கு ஆகும் பாட்டைவிடக் கீழே தெரியாத பைலுக்குப் பாடு அதிகம்.

அங்கே வெப்பம் எதிரி. இங்கே தண்ணீர் எதிரி. அவ்வளவுதான் வித்தியாசம்.

1956-ஆம் ஆண்டு நவம்பர் 23-ந் தேதி. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போன எக்ஸ்பிரஸ் ரெயில், அரியலூர் அருகே மருதையாற்றில் விழுந்தது. மழை வெள்ளம் பாலத்தின் கரை மண்ணை அரித்துவிட்டிருந்தது. இருட்டில் வந்த டிரைவருக்கு அது எப்படித் தெரியும்? 140-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பொறுப்பை ஏற்று, ரெயில்வே மந்திரி லால்பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். அவர் ராஜினாமா செய்ததை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். மண் அரித்ததை மறந்துவிட்டோம்.

இன்னொரு சம்பவம். 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ந் தேதி, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட எக்ஸ்பிரஸ் ரெயில் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. பேய்மழை. ரெயிலில் சுமார் 800 பயணிகள். குழந்தைகள், முதியவர்கள் எல்லோரும் பசியோடு காத்திருந்தார்கள். ஹெலிகாப்டரில் சாப்பாடு போடும்படி ஆயிற்று. ஆனால் உயிர் தப்பினார்கள். அப்பால் என்ன நடந்திருந்தது தெரியுமா? ஜல்லியும் மண்ணும் அடித்துக்கொண்டு போய், தண்டவாளம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது! ரெயிலை நிறுத்தி வைத்த நிலைய ஊழியர்களுக்கு எத்தனை முறை நன்றி சொன்னாலும் தகும்.

அரியலூருக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் நடுவே 67 ஆண்டுகள். மழையும் மாறவில்லை, மண்ணும் மாறவில்லை. ஸ்ரீவைகுண்டத்தில் சரியான நேரத்தில் எச்சரிக்கை கிடைத்தது. அதைக் கேட்டு ரெயிலை நிறுத்தினார்கள். அந்த ஒன்றுதான் 800 பேரைக் காப்பாற்றியது.

என்ன செய்ய வேண்டும்?

லே பாதை விஷயத்தில் நாம் சொல்வது இது. பாதை போகும் வழியில் உயரமான இடங்களில் எல்லாம் துளை போட்டு, வெப்பமானியை இறக்கி, மண்ணின் சூட்டைப் பல குளிர்காலம், பல கோடைகாலம் அளக்க வேண்டும். எங்கே உறைமண், எங்கே பாறை என்று படம் போட வேண்டும். அளந்த கணக்கை மக்களுக்கும் சொல்ல வேண்டும். சுரங்கம் குடைவது ஒருபுறம் நடக்கட்டும். ஆனால் சுரங்க வாசலிலும், கரை கட்டும் இடத்திலும், மண்ணின் சம்மதம் இல்லாமல் ஒரு கூடை மண்கூடக் கொட்டக்கூடாது.

"எதிரி காத்திருப்பானா? சீக்கிரம் போட வேண்டாமா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அவசரத்தில் போட்ட பாதை, டாங்கியை ஏற்றிப் போகும் நாளில் இறங்கிவிட்டால் யாருக்கு லாபம்? ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. மண்ணை அளக்க இன்றே தொடங்கினால், காலம் வீணாகாது. திறப்பு விழாத் தேதியை முதலில் குறித்துவிட்டு, அதற்கு ஏற்ப மண்ணை அவசரப்படுத்துவதுதான் கூடாது.

நம் ஊர் விஷயத்திலும் சில சொல்ல வேண்டும். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் தண்ணீர் கொரட்டூர் ஏரிக்குப் போகும். இந்த ஏரிகளுக்கு அருகில்தான் நம் ரெயில் பாதை ஓடுகிறது. ஏரிக்கு வரும் கால்வாயை அடைத்தால், தண்ணீர் வேறு வழி தேடும். அது தேடும் வழி தண்டவாளக் கரையாகவும் இருக்கலாம். ஆகவே ஐப்பசி பிறக்கும் முன்பே, பாதைக்கு அடியில் உள்ள சிறுபாலங்களையும் ஓரத்துக் கால்வாய்களையும் ரெயில்வேயும் மாநகராட்சிகளும் சேர்ந்து தூர் வார வேண்டும். இந்த இடம் உன்னுடையது, அந்த இடம் என்னுடையது என்று கடிதம் எழுதிக்கொண்டிருந்தால், மழை பதிலுக்குக் காத்திருக்காது.

நாமும் செய்ய வேண்டியது உண்டு. ரெயில் பாதை ஓரத்துக் கால்வாயில் பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பையை வீசுகிறோம். அந்தப் பை சிறுபாலத்தின் வாயில் போய் அடைத்துக்கொள்கிறது. வீசியவரின் பிள்ளைதான் மறுநாள் அந்த வழியாகக் கல்லூரிக்கு ரெயிலில் போகிறான்.

கடைசியாக ஒரு வார்த்தை. கொட்டும் மழையில், நடு இரவில், கையில் விளக்கோடு தண்டவாளத்தின் ஓரமாக ஒருவர் நடந்து போவார். கரை அரித்திருக்கிறதா, ஜல்லி நகர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போவார். அவருக்கு முன்பு கேங்மேன் என்று பெயர், இப்போது டிராக்மேன் என்கிறார்கள். மண் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கும் ஆள் அவர்தான். புது ரெயிலுக்குக் கொடி அசைக்கும் விழாவில் அவருக்கு நாற்காலி கிடைப்பதில்லை. போகட்டும். அவருக்கு நல்ல மழைக்கோட்டும், நல்ல விளக்கும், கூட நடக்க இன்னும் ஓர் ஆளும் கொடுங்கள். காலியாக இருக்கும் இடங்களை நிரப்புங்கள். லே மலையில் ஆனாலும் ஆவடியில் ஆனாலும், ரெயிலுக்கு முதல் செலவு இதுவாகவே இருக்க வேண்டும்.